பதினாலுக்குப் பதிமூணில் நின்ற பந்து

சாளைக்கரை மைதானத்தில், வலைக்கு மேலே, தரையிலிருந்து பதினொன்றரை அடி உயரத்தில் ஒரு வாலிபால் நாலு வருஷமும் இரண்டு மாதமும் கீழே இறங்காமல் இருந்தது. அதற்குக் கயிறு கிடையாது, கம்பி கிடையாது. காற்றடித்தால் ஆடாது, மழை பெய்தால் நனையும், வெயிலடித்தால் காயும், காக்கா வந்து உட்கார்ந்தால் உட்கார விடும், அவ்வளவுதான் அதன் சங்கதி. ஏன் அப்படி இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஊர்க்காரர்கள் மேலே பார்க்காமலே, "நேவிஸ் அண்ணன் இருக்கச் சொன்னாரு, இருக்கு" என்பார்கள். சொல்லிவிட்டு மீன் விலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

நேவிஸ் என்பது தஸ்நேவிஸ். சம்பளத்துக்கு ஆடுகிற சாளைக்கரைச் சுறாக்கள் அணிக்குக் கேப்டன், ஆறேகால் அடி ஆள், அடிக்கிறவன். வாலிபாலில் அடிக்கிறவனுக்குத்தான் கைத்தட்டல். ஆனால் அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் என்று ஒருத்தன் வலையோரம் நிற்பான், அவன் விரல் நுனி சரியில்லை என்றால் ஆறேகால் அடியும் வெறும் தென்னை மரம்தான். நேவிஸுக்குப் பதினோரு வருஷம் தூக்கிக் கொடுத்தவன் இன்னாசி. கண்ணை மூடிக்கொண்டு குதித்தாலும் கை போகிற இடத்தில் பந்து காத்திருக்கும். வாய்விட்டுப் பேசுகிற பழக்கமே இல்லாத இன்னாசி பந்து வழியாகத்தான் பேசுவான் என்று ஊரில் பேச்சு.

அப்படிப்பட்ட இன்னாசிக்குச் சென்னையில் ஒரு வங்கி அணியிலிருந்து மூன்று தடவை ஆள் வந்தது. நிரந்தர வேலை, ஓய்வு வயசு வரைக்கும் நாற்காலி. மூன்று தடவையும் அவன் நேவிஸிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மூன்று தடவையும் நேவிஸ் அவன் தோளில் கையைப் போட்டு, "இருல, இந்த சீசன் முடியட்டும்" என்றான். இன்னாசி இருந்தான். மூன்று சீசனும் முடிந்தது. வங்கிக்காரர்கள் நாலாவது தடவையும் வந்தார்கள். இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வாரம்தான் இறுதிப் போட்டி.

ஐந்தாவது செட். சுறாக்கள் பதினாலு, ஈரோட்டுக்காரர்கள் பதிமூணு. ஒரே ஒரு பாயிண்டு, கோப்பை சாளைக்கரைக்கு. பந்து பின்னாலிருந்து வந்தது. இன்னாசி வலைக்குக் கீழே போய் நின்று, பூவை எடுத்து வைக்கிற மாதிரி அதை மேலே அனுப்பினான். அதைவிட நல்ல பந்தை அவன் அதற்கு முன்னும் தூக்கியதில்லை, பின்னும் தூக்கவில்லை. ஓடி வந்த நேவிஸின் கால் யாரோ சிந்தின வேர்வையில் அரைச் சாண் வழுக்கியது. பிந்திவிட்டோம் என்று தெரிந்த கணத்தில் அவன் வாய் தானாகக் கத்தியது: "இரு!"

பந்து இருந்தது.

நேவிஸ் குதித்தான், ஒரு சாண் எட்டவில்லை. இறங்கி மறுபடி குதித்தான். எதிர்ப்பக்கம் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஈரோட்டுக்காரர்கள் கை வலித்துக் கீழே போட்டார்கள். ஆறாயிரம் பேரும் அண்ணாந்த தலை இறங்காமல் நின்றார்கள். உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரெப்ரி சென்னியப்பன், கொங்குநாட்டு ஆள், வாயில் விசிலை வைத்துக்கொண்டே யோசித்தார். யோசித்து விசிலை எடுத்தார்.

"பந்து உழுகலீங்க கேப்டன். உழுகாத பந்துக்கு நான் எப்படீங்க விசிலடிக்கறது?"

"அப்ப ஏணி வச்சு அடிக்கட்டா?"

"ஏணிக்கு ரூல்ல எடமில்லீங்க. தரையில இருந்து குதிச்சுத்தானுங்க அடிக்கோணும். வெளியாளுக தொட்டா அந்தப் பாயிண்டே செல்லாதுங்க."

"காக்கா உக்காருதே?"

"காக்கா ரெண்டு டீம்லயும் பேரு குடுக்கலீங்களே."

இந்தச் சந்தடியில் இன்னாசி மட்டும் மேலே பார்க்கவில்லை. கைத்துண்டை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான், பையைத் தோளில் மாட்டினான், நேவிஸிடம் வந்து நின்றான். பதினோரு வருஷத்தில் அவன் சேர்ந்தாற்போல் பேசிய நீளமான பேச்சு அதுதான்:

"இருக்கச் சொன்னீயள்ல அண்ணே. அது இருக்கு. நான் போறேன்."

போயிட்டு வாறேன் என்று சொல்லவில்லை. போறேன் என்றான். கடலுக்குப் போகிறவனும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவனும்கூட அந்த ஊரில் வாறேன் என்று சொல்லாமல் வாசல் தாண்டமாட்டான். சவப்பெட்டிக்குள் இருப்பவன் ஒருத்தன்தான் அப்படிப் போவான். நேவிஸுக்கு வாய் திறந்தது, பந்தைப் பார்த்து மூடிக்கொண்டது. போயிட்டு வா என்று அவன் சொல்லவில்லை. சொல்லாத அந்தச் சொல் தொண்டையிலேயே, பந்து மேலேயே, இன்னாசி சென்னையிலே.

ஒரு வாரம் ஊர் அண்ணாந்து பார்த்தது. எட்டாம் நாள் கழுத்து வலித்து, பந்தைத் தன் வேலைகளுக்குள் சேர்த்துக்கொண்டது. பந்தின் நிழல் சாயங்காலம் நாலு மணிக்குப் பின்கோட்டில் விழும் என்று உப்பளத்துப் பெண்கள் கண்டுபிடித்ததும், நாலு மணி பஸ் மணியைப் பார்ப்பதை விட்டு நிழலைப் பார்க்கத் தொடங்கியது. விண்ணேற்றத் திருநாள் பிரசங்கத்தில் பங்குச்சாமியார், "பிரியமானவர்களே, விண்ணகம் சென்றவர் திரும்ப வருவார், நம் மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று தொண்டையைச் செருமினார். போட்டி முடியாததால் சென்னியப்பனுக்கு ஊர் திரும்ப வழியில்லை. மாதா தெருவில் ஒரு அறை எடுத்தார், காலையும் மாலையும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார், கணவாய் மீன் தின்னப் பழகினார். லீக் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: "மேற்படி பந்து தானாக விழும் வரையில் மேற்படி ஆட்டம் நடந்துகொண்டிருப்பதாகவே கருதப்படும்." ஈரோட்டுக்காரர்கள் வருஷா வருஷம் பொங்கல் வாழ்த்து அனுப்பி, கீழே ஒரு வரி கேட்டார்கள்: விழுந்துச்சுங்களா?

ஊருக்கு நிஜமாகப் பட்ட அடி வேறு. 'இரு' என்கிற சொல் போய்விட்டது. ஒன்றைச் சொல்லி அது அப்படியே இருந்துவிட்டால் யார் பதில் சொல்வது? தாய்மார்கள் அழுகிற பிள்ளையிடம் இரு வாறேன் என்று சொல்லப் பயந்து இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். முடிவெட்டுகிற செல்லையா வந்தவரை உட்காரச் சொல்லுவார், நிற்கச் சொல்லுவார், இருங்க என்று மட்டும் சொல்லமாட்டார். விருந்தாளி கிளம்பினால் தடுக்கச் சொல்லில்லாமல் செருப்பை ஒளித்து வைத்தார்கள். அதே சமயம், புருஷன் ஆழ்கடலுக்குப் போனவளும், கிடையில் கிடக்கிற அப்பனை விட மனசில்லாதவனும், ஆள் நடமாட்டமில்லாத மத்தியானத்தில் பந்துக்கு நேர் கீழே வந்து நின்று, வாய்க்குள்ளேயே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கப்பல்கள் கிளம்பின, அப்பன்மார் செத்தார்கள், பந்து மட்டும் இருந்தது.

லீக் நிற்கவில்லை, அடுத்த சீசன் வந்தது. சுறாக்களுக்குச் செட்டர் வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு, ஒரு மாதத்துக்கு இல்லை, வருஷக்கணக்கில் நின்று தூக்கிக் கொடுக்கிற ஆள் வேண்டும். நேவிஸுக்கு வயசு முப்பத்தைந்து. தினமும் காலையில் அந்தப் பந்துக்குக் குதித்துக் குதித்து வலது முட்டிக்குள் சிப்பி உடைகிற சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. பார்த்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்த முட்டியில மூணு, மிஞ்சிப்போனா நாலு சீசன் இருக்கு, அதுக்கப்புறம் மாடிப்படிகூட ஏறாதீங்க" என்றார். அதற்குள் ஒரு கோப்பை. நேவிஸ் கேட்டது அதுதான்.

அணியின் முதலாளி கொரைரா ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர். ஆட்டக்காரர் ஏலத்துக்குச் சென்னைக்குப் போனவர், மீன் ஏலம் எடுத்த பழக்க தோஷத்தில் ஒரு திருச்சூர்க்காரச் செட்டரின் கையைத் தூக்கி விரல்களை விரித்துப் பார்த்து, மோந்தும் பார்த்து, "சரக்கு பசுமையாத்தான் இருக்கு, போடு" என்று எடுத்து வந்தார். நல்ல கைதான். நேவிஸ் முதல் நாளே, "ஏல இன்னாசி, இன்னும் கொஞ்சம் மேல தூக்குல" என்றான். என் பேர் அது இல்லை என்று அவன் சொன்னான். சரி இன்னாசி என்றான் நேவிஸ். அவன் பாதி சீசனில் போனான். அடுத்தது வெளிநாடு: செர்பியாவிலிருந்து மிரோஸ்லாவ் என்று ஒரு நெட்டை மனுஷன்; ஊர் அவரை மிராசு என்றது, நேவிஸ் இன்னாசி என்றான். வெயிலில் நண்டு மாதிரிச் சிவந்து போய், நெத்திலிக் கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்தாமல் நாலு மாதம் தாக்குப் பிடித்தவர், கேப்டனின் சத்தத்துக்குத் தாக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் உள்ளூர் முயற்சி: பின்னால் விழுந்து விழுந்து பந்தெடுக்கிற குட்டை ரெட்சன்யத்தை வலைக்குக் கொண்டு வந்தார்கள்; ஒரு வாரத்தில் அவனுக்குக் கனவிலும் திட்டு விழுந்து காய்ச்சல் கண்டது. பல்கலைக்கழகச் சாம்பியன், பட்டாளத்துக்காரன், போலீஸ்காரன், மதுரையில் ரெண்டு விரல் வளைந்த ஒரு கில்லாடி என்று வந்தவனெல்லாம் இன்னாசியானான், போனவனெல்லாம் இன்னாசியாகவே போனான்.

எட்டாவதாகக் கொரைரா பந்து தூக்கிப் போடுகிற ஒரு மெஷின் வாங்கினார். ஒரே உயரம், ஒரே இடம், ஒரே வேகம். கோபம் கிடையாது, சொந்த ஊர் கிடையாது. நேவிஸ் அதைப் பார்த்தும் கத்தினான்: "இன்னாசி, மேலல!" மெஷின் போகவில்லை. அத்தனை பேரில் நிலைத்து நின்றது அது ஒன்றுதான். உப்புக் காற்றில் துருப்பிடித்து, நின்ற இடத்திலேயே நின்றுபோனது.

"தப்பு அவங்க மேல இல்ல" என்றாள் சலேத்து, நேவிஸின் மனைவி, அவன் முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே. "நீங்க எந்தப் பந்துக்குக் குதிக்கிறீய?"

"தூக்குற பந்துக்குத்தான்."

"பொய். எந்த ஊர்ல ஆடுனாலும் பதினொன்றரை அடிக்குத்தான் குதிக்கிறீய. அந்தப் பாவிப் பயலுவ தூக்குற பந்து உங்க கைக்குக் கீழ, நெஞ்சுக்கு நேரா வந்துட்டுப் போவுது. நீங்க மேல தேடுதீய."

நேவிஸ் முட்டியை மடக்கிப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன? கால் கேட்கவில்லையே. ஓடி வருகிற மூன்று எட்டில் முதல் எட்டு இப்போதைய பந்துக்குத்தான் வைப்பான். இரண்டாவதில் சந்தேகம் வரும். மூன்றாவதில் கால் அந்தப் பழைய உயரத்துக்குப் புறப்பட்டுப் போய்விடும். கூண்டு திறந்ததும் பழைய வீட்டுக்குப் பறக்கிற புறாவை எந்தக் கையால் பிடிப்பது?

ஒன்பதாவது ஆள் தானாக வந்தான். நாலு மணி பஸ் கண்டக்டர், இருபத்தொன்பது வயசு, சாத்தான்குளம் பக்கம். வேலைக்குச் சேருமுன் கல்லூரி அணிக்குத் தூக்கிக் கொடுத்தவன். பஸ் திரும்புகிற இடைவெளியில் மைதானத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பவன், ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். விரலுக்கிடையில் டிக்கெட் கத்தையையும் சில்லறையையும் பிடித்து ஓடுகிற பஸ்ஸில் விழாமல் நடந்த கை. அந்தக் கையில் பந்து பட்டதும் சென்னியப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொரைரா அவனை மோந்து பார்க்கவில்லை. டெப்போவில் ஒரு வருஷம் விடுப்பு வாங்கிக்கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

"ஏல இன்னாசி" என்று நேவிஸ் ஆரம்பித்தான்.

"எண்ணே" என்றான் அவன். மறுக்கவே இல்லை. ஊரே அப்படிக் கூப்பிட்டது, டீக்கடையிலும் அந்தப் பேரில்தான் டீ வந்தது. அவன் மற்றவர்கள் செய்யாத ஒன்றைச் செய்தான்: நேவிஸின் கை எங்கே போகிறதோ அங்கே, ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை மேலே, பந்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டே வந்தான். மேலே தேடுகிறவனுக்கு மேலேயே கொடுத்தான். சுறாக்கள் ஜெயித்தார்கள். மறுபடி ஜெயித்தார்கள். முட்டிக்குள் சிப்பி உடைந்துகொண்டேயிருந்தது. அரையிறுதி வரைக்கும் வந்தபோது ஊரே கோப்பைக்கு மாதா கோவிலில் இடம் பார்த்து வைத்திருந்தது, நேவிஸ் நாலு வருஷத்தில் முதல்முறையாகச் சிரித்ததைப் பார்த்ததாக மூன்று பேர் சொன்னார்கள்.

அப்போது டெப்போவிலிருந்து ஓலை வந்தது. விடுப்பு ரத்து, உடனே வேலைக்குத் திரும்பாவிட்டால் வேலை இல்லை. கொரைரா பேசிப் பார்த்தார், பங்குச்சாமியார் எழுதிப் பார்த்தார். கண்டக்டருக்குப் பெண்டாட்டி, ரெண்டு பிள்ளைகள். ஓலையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ரெண்டு நிமிஷம் இருக்கையில் மைதானத்துக்கு வந்தான். பஸ் வேலிக்கு வெளியே உறுமிக்கொண்டு நின்றது. நேவிஸ் பந்துக்கு நேர் கீழே முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"எண்ணே. போயிட்டு வாறேன்."

நேவிஸின் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது. உதடு குவியத் தொடங்கியதைச் சலேத்து பார்த்தாள், கொரைரா பார்த்தார், நாற்காலியிலிருந்து சென்னியப்பன் பார்த்தார். ஊர் நாலு வருஷமாக உச்சரிக்காத அந்த ஒற்றைச் சொல் இன்னொரு மனுஷன் மேல் விழப்போகிறதென்று எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். நேவிஸ் அவன் முகத்தைப் பார்த்தான். முதல்தடவையாகத்தான் பார்த்தான். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. அது இன்னாசியிடம் கிடையாது.

"போயிட்டு வால" என்றான். மறுபடி, "போயிட்டு வா" என்று திருத்திச் சொன்னான்.

கண்டக்டர் தலையாட்டிவிட்டு வேலியைப் பார்த்து நடந்தான். மேலே இருந்த பந்து, சொன்னது தன்னிடம்தான் என்று எடுத்துக்கொண்டது.

பந்து வந்தது. நாலு வருஷத்துக்கு முன் எங்கே விட்டதோ அங்கிருந்து, அவசரமே இல்லாமல், ஒரு சுற்றும் சுழலாமல், இன்னாசியின் விரல் சூடு ஆறாமல் வந்தது. காக்கா பறந்தது. நேவிஸின் கால்கள் அவனைக் கேட்கவில்லை. ஒரு எட்டு, ரெண்டு எட்டு, மூன்றாவதில் முட்டி, இனி முடியாது என்று மடிந்தது. அடிப்பதற்காகப் பின்னால் போன கை போன இடத்தில் நின்றது. பந்து நெஞ்சுக்கு நேராக இறங்கியது. வாழ்நாளில் ஒரு பந்தையும் பிடித்திராத நேவிஸ் இரண்டு கையையும் விரித்து அதைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டான்.

வாலிபாலில் பந்தைப் பிடித்தால் தவறு, பாயிண்டு எதிராளிக்கு. சென்னியப்பன் நாற்காலியிலேயே எழுந்து நின்றார். விசிலை வாயில் வைத்து ஒரு ஊது ஊதினார்.

"பதினாலுக்குப் பதினாலுங்க!" என்று அழுதார்.

வேலிக்கு வெளியே நிழல் பின்கோட்டைத் தொட்டதைப் பார்த்துக் கிளம்பியிருந்த நாலு மணி பஸ், ஒற்றை விசில் கேட்டதும் நின்றது. டிரைவருக்கு ஒரு விசில் என்றால் நில், ரெண்டு என்றால் போ. முப்பது வருஷப் பழக்கம். ஏறி உட்கார்ந்த ஒன்பதாவது செட்டர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். பந்து இறங்கிவிட்டதைப் பார்த்து எழுந்தான். நேவிஸ் பந்தை இடுக்கிக்கொண்டு, மடங்காத காலை இழுத்துக்கொண்டு வேலியைப் பார்த்து ஓடினான். சமனானதால் இனி ரெண்டு பாயிண்டு முந்தவேண்டும், ஈரோட்டுக்காரர்கள் வரவேண்டும், அதுவரைக்கும் தூக்கிக் கொடுக்க ஒரு கை வேண்டும், அதையெல்லாம் பிறகு பேசலாம், முதலில் ஒன்றே ஒன்று கேட்கவேண்டும்.

"ஏல! உன் பேரு என்னல?"

அந்த நேரம் பார்த்து, நாலு வருஷம் ஊதாத விசில் நிஜமாகவே ஊதியதா என்று சந்தேகம் வந்த சென்னியப்பன், இன்னொரு தடவை ஊதிப் பார்த்தார்.

ரெண்டு விசில். பஸ் போனது.

ஜன்னலிலிருந்து அவன் வாயைக் குவித்து எதையோ கத்தினான். இன்ஜின் சத்தத்தில் கடைசிப் பாதிதான் வந்து சேர்ந்தது. ராசு என்று முடிந்த மாதிரி இருந்தது. தங்கராசு என்றார் கொரைரா. இல்லை, சவரிராசு என்றான் ரெட்சன்யம். டீக்கடைக்காரர், ஒரு வருஷம் டீ கொடுத்தேன், எனக்குத் தெரியலியே என்று தலையிலடித்துக்கொண்டார். ஆள் ஆளுக்கு ஒரு ராசுவைச் சொன்னார்கள். பஸ்ஸை நிறுத்த ஒரே ஒரு சொல் நேவிஸிடம் இருந்தது. அதை அவன் வாயைத் திறக்காமலே விழுங்கினான். பஸ் உப்பளத்து வளைவில் சின்னதாகி, தூசியாகி, அதுவும் அடங்கியது.

அவன் மைதானத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்தான். முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. மடியில் பந்து, மேலே ஒன்றுமில்லை. வெறும் வானத்தை அண்ணாந்து பார்க்க யாருக்கும் பழக்கமில்லாததால் எல்லோரும் தரையைப் பார்த்து நின்றார்கள்.

சலேத்து முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். எண்ணெய்ப் புட்டி வீட்டில் இருந்தது. எழுந்து சேலையை உதறிக்கொண்டே, நாலு வருஷமாக அந்தச் சொல்லைத் தவிர்த்து வந்ததை மறந்து, எந்த வீட்டிலும் எந்தப் பெண்டாட்டியும் சொல்கிற மாதிரிச் சொன்னாள்:

"இருங்க, வாறேன்."

அவன் இருந்தான்.